துறைகளுக்கு இடையே உள்ள தொலைவு

வடசேரி, நாகர்கோவில்
ஆனி மாதம்

அன்புள்ள ஐசக்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கோயம்புத்தூரின் வெயிலைப் பற்றி நீ எழுதியிருந்ததை வாசித்தபோது இங்கே ஓட்டின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் நடப்பதால் குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகுகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஓர் ஆய்வு எத்தனை துறைகளை உண்மையாகவே சேர்த்துப் பின்னியிருக்கிறது என்பதை எண்ணால் சொல்ல முடியுமா, முடிந்தாலும் சொல்லத் தகுமா என்று நீ கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி ஏறத்தாழ அதே சொற்களில் இரண்டு மாதங்களுக்கு முன்பே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்த மாணவர் ஒருவரின் மகள் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலே அவளுடைய பொருள். புயல் மிகக் குறுகிய நேரத்தில் வலுப்பெற்றதும், எச்சரிக்கை வெளியான வேளையில் நம் ஊர்க்காரர்கள் பலர் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்ததும், அவர்களிடம் இருந்த வானொலிக் கருவிகள் அவ்வளவு தொலைவுக்கு எட்டாமற் போனதும் உனக்குத் தெரிந்தவையே. வளிமண்டலவியல், கடலியல், தொலைத்தொடர்பு, சமூகவியல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இழப்பு ஏன் நேர்ந்தது என்பது விளங்கும் என்று அவள் கருதுகிறாள். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர், இது இயற்பியலும் அல்ல, சமூகவியலும் அல்ல என்று சொல்லிவிட்டு, துறையிடை ஆய்வு என்று உரிமை கொண்டாடுவதானால் அதற்கான அளவைக் காட்டுமாறு கேட்டிருக்கிறார். அவள் அந்த அளவைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், இந்தச் சிக்கலை நான் அலமாரியின் வழியாகவே முதலில் அறிந்தேன். மணவாளக்குறிச்சிக் கரையின் மோனசைட் மணலைப் பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள். அதில் தோரியம் இருப்பதால் அணு இயற்பியலில் வைக்கலாம், கனிமம் என்பதால் நிலவியலில் வைக்கலாம், இயற்கைக் கதிர்வீச்சு மனிதரை என்ன செய்கிறது என்று பேசினால் மருத்துவத்திலும் வைக்கலாம். ஆனால் ஒரு பிரதிக்கு ஓர் இடம்தான் உண்டு. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் இந்த இடர்ப்பாட்டை எதிர்கொண்டே 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளின் துண்டுகள் விதவிதமாக இணைந்து வெவ்வேறு பொம்மைகளாவதைக் கண்டபோது அந்த எண்ணம் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அந்த முகங்களை ஒன்றோடொன்று இணைத்தே அதன் எண்ணை அமைப்பது அவர் வழி. நூலகப் பணியை எண்களால் ஆராயும் துறை ஒன்று வேண்டும் என்று 1948இலேயே கேட்டவரும் அவர்தான். ஆய்வு வெளியீடுகளை எண்களால் ஆராய்வதாகி, இன்று அறிவியல் அளவியல் என்று வழங்கும் துறையைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் அவரை மறந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வழக்குகள் பின்னால் எந்தத் தீர்ப்புகளில் எடுத்தாளப்பட்டன என்பதைத் தொகுக்கும் அமெரிக்கச் சட்ட அட்டவணை ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியலுக்கும் அப்படியொரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார். 1964இல் அதை வெளியிடவும் தொடங்கினார். இரு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரைகளைச் சுட்டினால் அவை உறவுடையவை என்றார் கெஸ்லர், 1963இல். இரு பழைய கட்டுரைகளைப் பின்வந்தவர்கள் சேர்த்தே சுட்டினால் அவற்றுக்குள் உறவு உண்டு என்று ஹென்றி ஸ்மாலும், அவரை அறியாமலே மார்ஷகோவாவும் 1973இல் காட்டினர். இன்று கணினியில் நாம் பார்க்கும் அறிவியல் வரைபடங்கள் பெரும்பாலும் இந்த இரு உறவுகளின் மேல் எழுந்தவை. லைடன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் வாஸ்வியூவர் என்னும் மென்பொருளை நானும் அந்தப் பெண்ணும் என் பழைய கணினியிலேயே ஓட்டிப் பார்த்தோம்.

இனி அளவுக்கு வருகிறேன். இங்கேதான் உன் பாடமாகிய புள்ளியியல் தொடங்குகிறது. தோவாளைச் சந்தையில் ஒரு கூடையைப் பார்த்து, அதில் எவ்வளவு பன்மை இருக்கிறது என்று கேட்டால் மூன்று விடைகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை வகைப் பூக்கள் உள்ளன என்பது ஒன்று. அவை ஏறத்தாழச் சம அளவில் உள்ளனவா, அல்லது கூடை முழுவதும் பிச்சியாக இருந்து மற்றவை ஒப்புக்குக் கிடக்கின்றனவா என்பது இரண்டாவது. அந்த வகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது மூன்றாவது. பிச்சியும் மல்லிகையும் முல்லையும் ஒரே குடும்பத்தவை. பிச்சியும் தாமரையும் அப்படியல்ல. ஆண்டி ஸ்டர்லிங் 2007இல் பன்மையை இந்த மூன்றாகத்தான் பிரித்துக் காட்டினார். மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கும் சூத்திரமோ, உன் ஆசான்களுக்கு ஆசானாகிய சி. ஆர். ராவ் 1982இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. அதனால் இதனை ராவ்–ஸ்டர்லிங் அளவு என்கிறார்கள்.

உனக்குச் சூத்திரம் தேவையில்லை என்றாலும், அவளுக்கு நான் சொன்ன கணக்கை நீ சரிபார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இருபது மேற்கோள்கள் கொண்ட ஒரு கட்டுரையில் பத்து இயற்பியலும் பத்து வேதியியலும் இருக்கட்டும். அவற்றின் இடைத்தொலைவு, அதாவது அவை எவ்வளவு வேறுபட்டவை என்னும் அளவு, 0.2 என்று கொண்டால், 0.5, 0.5, 0.2 ஆகியவற்றைப் பெருக்கி, இரு திசைக்குமாக இரட்டிக்க, 0.1 கிடைக்கிறது. இன்னொரு கட்டுரையில் பத்து இயற்பியலும் பத்துச் சமூகவியலும் இருந்து, தொலைவு 0.9 ஆனால் விடை 0.45. வகையும் சமநிலையும் அதேதான், ஆனால் அளவு நான்கரை மடங்காகிறது. மூன்றாவது கட்டுரையில் பதினெட்டு இயற்பியலும் இரண்டே இரண்டு சமூகவியலும் இருந்தால் 0.162. அதாவது, ஒப்புக்கு இரண்டு சமூகவியல் நூல்களைப் பட்டியலின் கடைசியில் செருகியவர்கூட, இயற்பியலையும் வேதியியலையும் சரிபாதியாகப் பின்னியவரை முந்திவிடுகிறார். இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். எண் தவறு செய்யவில்லை. அதனிடம் கேட்கப்பட்டதற்கே அது விடை சொல்கிறது. கேள்வியைத்தான் நாம் மாற்றிக் கேட்க வேண்டும்.

போர்ட்டரும் ரஃபோல்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வை நீ தேடிப் படித்தால் மகிழ்வேன். ஆறு துறைகளை எடுத்துக்கொண்டு 1975 முதல் 2005 வரை பார்த்திருக்கிறார்கள். ஒரு கட்டுரை சுட்டும் துறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியிருக்கிறது, கூட்டாசிரியர்கள் 75 விழுக்காடு கூடியிருக்கிறார்கள், ஆனால் தொலைவையும் கணக்கில் கொண்ட அளவு பெரும்பாலும் 5 விழுக்காடு அளவிலேயே உயர்ந்திருக்கிறது. அறிவியலாளர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான் அதிகமாகப் போய்வந்திருக்கிறார்கள், ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனவர்கள் குறைவு என்றே நான் அதைப் புரிந்துகொண்டேன்.

அவளுடைய பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. கணினி ஒரு கட்டுரையின் துறையை அது வெளியான ஆய்விதழைக் கொண்டே முடிவு செய்கிறது. அட்டவணையில் இல்லாத இதழும் நூலும் அதற்கு இல்லாதவையே. மீன்வளத் துறை அறிக்கைகள், புயலுக்குப் பின் நடந்த விசாரணைகளின் பதிவுகள், தமிழில் வந்த கட்டுரைகள், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் மாறுவதையும் கொண்டல் காற்று திரும்புவதையும் பற்றி முதிய கடலோடிகள் சொல்ல அவள் எழுதி எடுத்தவை என, எவை அவளது ஆய்வை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுத்துகின்றனவோ அவையெல்லாம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை பெரும்பாலும் வளிமண்டலவியல் இதழ்கள். எனவே எண் குறைந்து வந்தது. நம் மாவட்டத்தைப் போன்ற இடங்களில், ஊர்ப் பொருளைப் பற்றி ஊர் மொழியில் எழுதப்பட்டது எதுவும் எண்ணிக்கையில் சேராத வரையில், உள்ளூர்ச் சிக்கலை எடுத்துக்கொண்ட துறையிடை ஆய்வு எப்போதும் தன் உண்மை அளவுக்குக் கீழேதான் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

பெயர்களால் வந்த தொல்லையையும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலையெழுத்துதான் உண்டு. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் அட்டவணையில் ஒருவரே மூவராகவும், மூவர் ஒருவராகவும் ஆகிவிடுகிறார்கள். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் முகவரிகளில் இருக்கின்றன. கடைசியில் 629 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு தேடும் வழியை அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு மாதத்தின் பெரும்பகுதி இந்தக் களையெடுப்பிலேயே போயிற்று.

ஆனால் அவளுடைய வரைபடத்தைக் கணினித் திரையில் பார்த்தபோது, குழுவினர் முழுவதும் தவறு செய்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. இதை அவளிடம் மறைக்கவில்லை. ரஃபோல்ஸும் மையரும் 2010இல் எழுதிய கட்டுரையில் பன்மை வேறு, பிணைப்பு வேறு என்று பிரித்திருக்கிறார்கள். பல துறைகளிலிருந்து எடுப்பது பன்மை, எடுத்தவை தமக்குள் பேசிக்கொள்வது பிணைப்பு. அவள் பட்டியலில் புயலின் வலுப்பெறுதலைப் பற்றிய கட்டுரைகள் ஒரு கொத்தாகவும், மீனவர் வாழ்வைப் பற்றியவை வேறொரு கொத்தாகவும், இடையே கோடே இல்லாமல் இரண்டு தீவுகளைப் போலக் கிடந்தன. ஆய்வேட்டைப் புரட்டினால் அதுவும் அப்படியே இருந்தது. இரண்டாம் இயலில் காற்று, நான்காம் இயலில் மனிதர், நடுவில் வெறும் கடல். இதை அந்தப் பன்மை எண் அவளுக்குச் சொல்லியிருக்காது, படம்தான் சொன்னது. அன்றிலிருந்து புதிதாக ஓர் இயல் எழுதுகிறாள். எச்சரிக்கை வெளியான ஒவ்வொரு நேரத்திலும் படகுகள் எவ்வளவு தொலைவில் இருந்தன, அங்கிருந்தவர்கள் கடலிலும் வானிலும் எந்த மாற்றத்தைக் கண்டார்கள், அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று இரு கொத்துகளையும் ஒரே கால அட்டவணையில் வைக்கிறாள். தடைக்காலத்தில் ஆட்கள் கரையில் இருப்பதால் நாள்தோறும் யாரையாவது சந்தித்துவிட்டு மாலையில் இங்கே வருகிறாள்.

இப்படி இரண்டு தீவுகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே சில வேளைகளில் பெரிய கண்டுபிடிப்புக்கு இடமாகிறது. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் 1986இல் செய்ததை அவளுக்குச் சொன்னேன். மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று ஒரு கூட்டத்தார் எழுதியிருந்தார்கள். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனோ நோயாளிகளின் இரத்தத்தில் பிசுபிசுப்பு மிகுதி என்று வேறொரு கூட்டத்தார் எழுதியிருந்தார்கள். இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் ஏறத்தாழச் சுட்டியதே இல்லை. ஸ்வான்சன் மருத்துவர் அல்லர், தகவல் அறிவியலாளர். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து, மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவக்கூடும் என்று எழுதினார். சில ஆண்டுகளில் மருத்துவர்களின் சோதனையும் அதற்குச் சாதகமாக அமைந்தது. மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி இயற்பியலாரும் நிலவியலாரும் மருத்துவரும் எழுதியவற்றை இவ்வாறே ஒரு படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவளுடைய வேலை முடிந்ததும் அதைத் தொடங்க எண்ணியிருக்கிறேன்.

ஆகவே உன் கேள்விக்கு என் விடை இது. எண்ணால் சொல்ல முடியும். எந்தப் பகுப்பு, எந்தத் தொலைவு, எவை விடுபட்டன என்பவற்றைச் சேர்த்துச் சொன்னால் அதற்குப் பொருளும் உண்டு. ஒரு மாணவியின் தகுதிக்கு மதிப்பெண்ணாக அதை இடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆய்வை எண்களால் மதிப்பிடுவதைப் பற்றி 2015இல் வெளியான லைடன் அறிக்கையும், அளவுகள் அறிஞர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்றும், உள்ளூர்த் தேவைக்கான ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, அவள் குழுவிடம் கொடுக்கப்போகும் விளக்கத்தோடு இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். அட்டவணையில் கிடைக்காதவற்றை நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகப் படித்துக் கையால் துறை பிரித்திருக்கிறோம். ஆனால் அவற்றுக்குத் தொலைவு இட எங்களிடம் வழி இல்லை. தொலைவை வழக்கமாக மேற்கோள் ஓட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள், எவரும் சுட்டாத ஒரு தமிழ் அறிக்கைக்கு அந்த ஓட்டமே இல்லையல்லவா. ஒருவேளை சொற்களின் ஒற்றுமையைக் கொண்டு கணக்கிடலாமோ என்று தோன்றுகிறது. வெவ்வேறு தொலைவுகளை இட்டு விடை எந்த அளவுக்கு ஆடுகிறது என்று நீ பார்த்துச் சொன்னால், ஒற்றை எண்ணைக் காட்டாமல் ஒரு வரம்பையே அவள் காட்டலாம். பட்டியலின் படியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஆவணியில் அவளுடைய அடுத்த கூட்டம் வருகிறது. அதற்கு முன் நீ மார்த்தாண்டத்துக்கு வருவதாக இருந்தால் நாள் குறிப்பிட்டு எழுது, நானும் அவளும் அங்கேயே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்,
நீலகண்டன்