ஐந்து நோட்டும் எழுத்தில் ஏறிவிட்டன: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கத்து அண்ணாவி (வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர்) ஒருவர் தன் கைப்பட எழுதி வைத்திருந்த ஐந்து வில்லுப்பாட்டு நோட்டுகளும் போன வாரம் முழுதாகக் கணினி எழுத்தில் ஏறிவிட்டன. கூடி உழைத்தவர்கள் எட்டுப் பேர். ஒரே அறையில் நாம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, அவரவர் இடத்திலிருந்தே இணையம் வழியாக ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுதினோம். அதனால்தான் இந்த நன்றியை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

முதல் நன்றி அண்ணாவியின் மகளுக்கு. டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த நோட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தார். "நனையாமப் பாத்துக்கிடுங்க தம்பி, அப்பா இத சாமி மாதிரி வச்சிருந்தாவ" என்றார். வாங்கிப்போக எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே திண்ணையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டுகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நன்றி, அண்ணாவிக்கு முப்பது வருசம் இடப்பக்கம் பாடிய பெரியவருக்கு. பாட்டின் ஒவ்வொரு பகுதியும் எதுவென்று கணினிக்குச் சொல்ல, அதைப் பெயரிட்ட பெட்டிக்குள் வைக்கும் முறைதான் எக்ஸ்எம்எல், அந்தப் பெயர்தான் குறிச்சொல். ஆரம்பத்தில் அந்தக் குறிச்சொற்களுக்கு நான் ஆங்கிலப் பெயர்களைத்தான் வைத்திருந்தேன். திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல காப்பு எங்கய்யா இருக்கு?" அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரி 10 அன்று வெளிவந்த நாளிலிருந்தே குறிச்சொல்லைத் தமிழில் வைக்க இடம் கொடுத்திருக்கிறது. அதனால் காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று வில்லுப்பாட்டின் பகுதிகளுக்குப் பாட்டுக்காரர்கள் வாயில் புழங்கும் பெயர்களே குறிச்சொற்களாகின. அதற்குப் பிறகு தட்டச்சு செய்ய வந்த யாருக்கும் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு முடிச்சு மட்டும் நெடுநாள் அவிழவில்லை. வலப்பக்கத்துப் பாடகர் ஓர் அடியை எடுப்பார், பாதியில் இடப்பக்கத்தார் வாங்கி முடிப்பார். எக்ஸ்எம்எல்லிலோ ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குள் முழுதாக அடங்க வேண்டும், குறுக்கே வெட்டிப் போக முடியாது. பாடுபவருக்கு ஒரு பெட்டி வைத்தால் அடி உடைகிறது, அடிக்கு வைத்தால் பாடுபவர் உடைகிறார். இலக்கியப் பிரதிகளுக்காக உருவான டிஇஐ நெறிமுறையில் இதற்கு வழி இருந்தது: அடியை இரண்டாக வெட்டிக்கொள், ஒன்றுக்குத் தொடக்கம் என்றும் மற்றதற்கு முடிவு என்றும் பண்பு கொடு. டிஇஐ நெறிமுறைக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் பதிப்பாசிரியர்களில் ஒருவராக இருந்த மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்வீன் 2024-ல் மறைந்துவிட்டார். நம் ஊர் வில்லடிக்கு அவர் வேலை இப்படி உதவியது என்று அவருக்குச் சொல்ல முடியாமல் போன வருத்தம் எனக்கு உண்டு.

களக்காட்டுத் தங்கைக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரியது. ஏட்டிலிருந்து பார்த்து எழுதிய நோட்டு என்பதால் அதில் ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. கொடையா, கோடையா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருநாள் ராத்திரி நாங்குநேரியில் ஒருவரும் துபாயில் ஒருவரும் ஒரே நேரத்தில் 'கொடை'யைக் 'கோடை' ஆக்கினார்கள். கணினிக்குக் 'கோ' என்பது ஒரே எழுத்தல்ல, ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. இரண்டு பேரும் பழைய குறியை அழித்து ஆளுக்கொரு புதுக் குறி போட, ககரத்துக்குப் பின் இரண்டு ஓகாரம் நின்று, புள்ளிவட்டத்தோடு ஒரு விகாரமான எழுத்து வந்தது. தங்கை அதை வட்டமிட்டு அனுப்பி, "அண்ணா, உயிர்மெய்ய ரெண்டா ஒடச்சா எப்படி?" என்று கேட்டாள். அவள் சொன்னபடியே உயிர்மெய்யை ஒரே அலகாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம்.

அத்தோடு அவள் விடவில்லை. ஐயமுள்ள இடத்தில் ஒருவர் வாசிப்பை மற்றவர் அழிக்கவே கூடாது என்றாள். அதற்கென 'வாசிப்பு' என்றொரு குறிச்சொல் வந்தது. இப்போது அந்த அடியில் கொடையும் இருக்கிறது, கோடையும் இருக்கிறது, யார் எப்படிப் படித்தார் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வேலை முழுதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2023 டிசம்பர் 17-ஐ நம் மாவட்டத்தில் யார் மறப்பார்கள்? தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது என் மடிக்கணினியும், எட்டுப் பேரையும் இணைத்துக்கொண்டிருந்த சின்ன சர்வர் பெட்டியும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டும் போயின. ஆனால் எல்லார் பிரவுசரிலும் ஆவணத்தின் முழுப் பிரதி இருந்தது. சர்வரில் ஒரு மூலம், நம்மிடம் வெறும் ஜன்னல் என்று கட்டியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

ஸ்ரீவைகுண்டத்து டீச்சருக்கு நாலு நாள் சிக்னல் கிடையாது. மாடியில் இருந்தபடி போனிலேயே முத்துப்பட்டன் கதையில் நாற்பது அடிகள் அடித்திருக்கிறார். "வேற எதையும் நெனைக்கக் கூடாதுன்னு அடிச்சேன்" என்றார் பிறகு. அதே பக்கத்தில் துபாய்த் தம்பியும் திருத்தம் செய்திருந்தான். இணைப்பு வந்த கொஞ்ச நேரத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்தன, ஒரு சொல் சிந்தவில்லை. நாங்கள் பயன்படுத்திய ஒய்ஜேஎஸ் என்ற நிரல் நூலகம் (பலர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுத உதவும் ஆயத்த நிரல்) 'ஏழாவது எழுத்துக்குப் பின்' என்று இடத்தை எண்ணி வைப்பதில்லை, 'இன்னார் போட்ட இந்த எழுத்துக்குப் பின்' என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அடையாளம் கொடுத்து வைக்கிறது. அதனால் யார் முந்தி வந்தாலும் யார் பிந்தி வந்தாலும் முடிவு ஒன்றுதான். அதை எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்த கெவின் யான்ஸுக்கும், கூட உழைத்தவர்களுக்கும் திருநெல்வேலிக்காரர்கள் எட்டுப் பேரின் நன்றி.

சேர்ந்த பிறகு அமைப்பு சில இடங்களில் குலைந்திருந்தது உண்மை. ஒருவர் விருத்தத்தைப் பிரிக்க, இன்னொருவர் அதை நகர்த்த, அடி இல்லாத வெறும் விருத்தங்கள் தங்கிவிட்டன. எழுத்து ஒன்றாகச் சேரும் என்பதற்குத்தான் நூலகம் பொறுப்பு, இலக்கணம் சரியாக இருக்கும் என்பதற்கு அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அய்யாவுக்கும் நன்றி. பழைய மடிக்கணினியைக் கொடுத்து, திரும்பக் கேட்காத வண்ணாரப்பேட்டை அண்ணாச்சிக்கும்.

அச்செடுத்த முதல் பிரதி அண்ணாவியின் மகளுக்கு. வருகிற கோயில் கொடைக்கு முந்தின நாள் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். இடப்பக்கத்துப் பெரியவர் காப்பை அதைப் பார்த்தே பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்து பெரிதாக வேண்டுமாம், பதினெட்டுப் புள்ளியில் தனியாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.