ஸ்டார்ட்அப் கூட்டங்களுக்குப் பட்டறைக்காரர்களையும் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கான சந்திப்புக் கூட்டங்கள் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படிக்கிறேன். 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் கொடிசியா வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாடு நடந்த பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. அவினாசி சாலை ஓட்டல் அரங்குகளிலும் சரவணம்பட்டி ஐ.டி. வளாகங்களிலும் அடிக்கடி ஏதாவது ஒரு 'மீட்டப்' நடக்கிறது. கணபதியில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) லேத்துகள் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரி பாகம் கடைந்து தரும் வேலை, செய்கிறவன் நான். யாராவது அழைத்தால் இந்தக் கூட்டங்களுக்குப் போய்வருவேன். இவை நடக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே கட்டாயம் இருக்க வேண்டியவர்களை யாரும் அழைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அரங்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தொழில் தொடங்கிய இளைஞர்கள், தொடங்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள், புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்களின் மேலாளர்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த முதலீட்டாளர்கள், டிரேட்மார்க் பதிவு செய்து தருவோர், ஆடிட்டர்கள். மேடையில் நாலு பேர் உட்கார்ந்து முதலீடு திரட்டுவது எப்படி என்று பேசுகிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் தங்கள் திட்டத்தை விளக்கி முதலீடு கேட்கும் 'பிட்ச்' முடிந்ததும் விசிட்டிங் கார்டுகள் கைமாறுகின்றன. இவர்கள் செய்யும் பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பம்ப் கம்பெனிக்காரர், ஃபவுண்டரி (வார்ப்பாலை) முதலாளி, மில் மேலாளர், பொள்ளாச்சித் தென்னை நார்த் தொழிற்சாலைக்காரர், ஆஸ்பத்திரியில் கொள்முதல் பார்ப்பவர் என்று ஒருவரும் கண்ணில் படுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கூடி நிச்சயதார்த்தம் பேசுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி தன் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். லேத் மோட்டாருக்குப் போகும் கேபிளில் ஒரு வளையத்தை மாட்டினால், மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று செல்போனில் தெரியும். "அண்ணா, உங்க மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சும்மா நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த அரங்கில் சொந்தமாக லேத் வைத்திருந்தவன் நான் மட்டும்தான் என்பது பேச்சுக் கொடுத்த பிறகு புரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் அவரிடம் 'மார்க்கெட் எவ்வளவு பெரியது' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

மறுவாரம் பட்டறைக்கு வரச் சொன்னேன். வந்து மாட்டினார். தகர ஷெட் சூடு, தெறிக்கும் கூலன்ட், பட்டறையில் வைஃபை கிடையாது என்பதையெல்லாம் அவர் எப்படியோ சமாளித்துவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஸ்பிண்டில் (லேத்தின் சுழலும் தண்டு) சுற்றினால் வேலை நடப்பதாக அவர் கருவி கணக்கு வைத்தது. புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்து செட்டிங் போடும்போதும் ஸ்பிண்டில் சுற்றும், ஆனால் அப்போது ஒரு பீஸும் வெளியே வராது. மெஷின் நின்றால் ஆபரேட்டர் சோம்பேறி என்பது போல ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்தது. உண்மையில் ஃபவுண்டரியிலிருந்து நாங்கள் கடைய வேண்டிய காஸ்டிங் (வார்ப்பு) வராததால்தான் மெஷின் நின்றது. அவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்து ஆபரேட்டரிடம் பேச விட்டேன். என்னிடம் வேலை செய்யும் பையன் ஒடிசாக்காரர். திரையில் வரும் ஆங்கிலமும் அவருக்குப் படிக்க வராது, தமிழும் படிக்க வராது. கடைசியில் அந்தத் தம்பி கருவியோடு மூன்று நிறப் பொத்தான்களைச் சேர்த்தார். ஒன்று மெட்டீரியல் இல்லை, ஒன்று டூல் மாற்றுகிறோம், ஒன்று இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருக்கிறோம். இப்போது என் மெஷின் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வெளியிலிருந்து வரும் தாமதம்தான் என்று அந்தக் கணக்கைக் காட்டியே காஸ்டிங் தருபவரிடம் பேச முடிகிறது. எந்த முதலீட்டாளரைச் சந்தித்திருந்தாலும் அந்தத் தம்பிக்கு இது தெரிய வந்திருக்காது.

சென்னையில் வேறு முறை பலன் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே 2015-இல் மென்பொருள் நிறுவனத்தார் கூடிப் பேச ஆரம்பித்து, பின்னால் அது சாஸ்பூமி என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. ஒரு நிறுவனர் இன்னொரு நிறுவனருக்குக் கற்றுக்கொடுப்பது அவர்களுக்குச் சரியாகப் பொருந்தியது. ஏனென்றால் அவர்கள் பொருளை வாங்குபவர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார். 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்ஒர்க்ஸ் மென்பொருள் நிறுவனம் அந்த மண்ணில் முளைத்ததுதான். கோவையிலும் அப்படி வெளிநாட்டுக்கு மென்பொருள் விற்கும் நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே வரும் பல ஸ்டார்ட்அப்கள் இயந்திரம், பம்ப், ஜவுளி, விவசாயம் என்று நம் ஊர்த் தொழில்களை நம்பியே தொடங்குகின்றன. வாங்க வேண்டியவர் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் அரசூரிலும் இருக்கும்போது, சென்னை முறையை அப்படியே எடுத்து வைத்தால் எப்படிப் பொருந்தும்?

இந்த ஊர் பொறியியல் தொழிலில் பெயர் வாங்கியதே வாங்குபவர் பக்கத்தில் இருந்ததால்தான். பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த பட்டறைகளிலிருந்தே பின்னால் இயந்திரத் தொழில் வளர்ந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணறு வைத்திருந்த விவசாயி பம்ப் கேட்டார், இங்கேயே மோட்டார் செய்தார்கள். பம்ப் ரிப்பேருக்கு வந்த விவசாயி வாய்விட்டுச் சொன்ன குறைதான் அடுத்த மாடலுக்கு வழி காட்டியது. அந்தப் பேச்சு பட்டறை வாசலிலேயே நடந்தது.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மென்பொருள் என்றால் சும்மா தர வேண்டும் என்று நினைக்கும் முதலாளிகள் நிறையப் பேர். உற்பத்திக் கணக்கு போட்டிக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. ஆனால் ஒன்றை இளைஞர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கேட்கிறார்கள். எங்கள் நிலைமை வேறு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எங்களிடம் வேலை வாங்கும் கம்பெனிகள் குறுந்தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் வாங்கியவருக்கு வருமான வரிக் கழிவு தள்ளிப்போகும் என்ற விதியும் இப்போது இருக்கிறது. அப்படியும் எங்களுக்குப் பில் பணம் வர மூன்று மாதம், நாலு மாதம் ஆகிறது. அந்த நிலையில் மெஷினுக்கு மாதம் இவ்வளவு என்று கேட்டால் கொடுப்போம், மொத்தமாகக் கேட்டால் கும்பிடு போட்டுவிடுவோம். முகம் பார்த்துப் பேசினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது.

ஆகவே கூட்டம் நடத்துகிறவர்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வேலை நாளில் மாலை 4 மணிக்கு ஓட்டலில் வைத்தால் எந்தப் பட்டறைக்காரர் வருவார்? ஞாயிறு காலை வையுங்கள். அதைவிட நல்ல நாள் ஒன்று இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் துணைமின் நிலையத்தில் மின்தடை செய்யும் நாள். காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் மாலைதான் வரும். ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு முதலாளி மட்டும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கணபதியிலோ சிட்கோவிலோ ஒரு ஷெட்டில் பத்து நாற்காலி போட்டால் போதும், கொடிசியா, டேக்ட் போன்ற சங்கங்கள் மூலம் சொல்லிவிட்டால் ஆள் வந்துவிடும். மெஷின் ஓடுவதைப் பார்க்க வேறொரு நாள் வரலாம். பேச்சு தமிழில் இருக்கட்டும். மேடை வேண்டாம். தன் தொழிலில் தினமும் தலைவலி தரும் ஒரு விஷயத்தைப் பட்டறைக்காரர் முதலில் சொல்ல வேண்டும், இளைஞர்கள் கேட்க வேண்டும். பிட்ச் அப்புறம் இருக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு 9 மணிக்கு முடியும் கூட்டத்திலிருந்து அன்னூருக்கோ சூலூருக்கோ ஒரு பெண் தனியாகத் திரும்ப வேண்டும் என்பதை நடத்துகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பகலில் வைத்தாலே அவர்களும் வருவார்கள்.

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கும் ஒரு வேண்டுகோள். டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறீர்கள், பெண்கள் நடத்துவதானால் 15 லட்சம். மிக நல்ல திட்டம். தேர்வு செய்யும்போது, எங்கள் ஊர்த் தொழிற்கூடம் ஒன்றில் இந்தப் பொருளைச் சோதித்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் சந்திப்புகளில் பாதி இருக்கைகளைப் பொருளை வாங்கக்கூடியவர்களுக்கு ஒதுக்குங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் இதில் பங்கு உண்டு, ஐயா. 'நாளைய மின்தடை' பகுதியைப் பார்க்காமல் எங்கள் பகுதியில் எந்தப் பட்டறைக்காரரும் மறுநாள் வேலையைத் திட்டமிடுவதில்லை. அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே, அந்தந்த இடத்தில் நடக்கும் ஸ்டார்ட்அப் சந்திப்புகளின் நேரத்தையும் முகவரியையும் இரண்டு வரியில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்