பாலம் முடியும்வரை எப்படிக் கடப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்குவார்சத்திரம் மேம்பாலம் எப்போது முடியும் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கே சலித்துவிட்டது. அதை இப்போது கேட்கப் போவதில்லை. முடிகிற வரைக்கும் இந்தச் சாலையை எப்படிக் கடப்பது என்று யாராவது சொன்னால் போதும்.

சந்திப்புக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், திருவள்ளூர்ச் சாலையும் வாலாஜாபாத் சாலையும் வந்து சேரும் இடம் இது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறு வழியாக்கும் திட்டத்தில் எங்களூருக்கும் ஒரு மேம்பாலம் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் உள்ளூர் டூவீலரும் ஒரே சிக்னலில் முட்டிக்கொண்டு நின்ற நாட்களைப் பார்த்தவர்கள் நாங்கள். பாலம் வரட்டும். ஆனால் பாலத்துக்கு வரைபடம் போட்டவர்கள், அதைக் கட்டுகிற காலத்தில் ஜனங்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்று ஒரு தாளிலாவது போட்டுப் பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். நிறுத்தம் என்று ஒன்று இப்போது கிடையாது. தடுப்புகளுக்கு நடுவே எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே டிரைவர் நிறுத்துவார். இறங்குகிற பெண்பிள்ளைகள் இடுப்பளவு உயரமுள்ள கான்கிரீட் தடுப்பை ஒட்டியே இடைவெளி தேடி நடப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் சாப்பாட்டுப் பையை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிக் குதிப்பார்கள். குதிக்கும் இடம் அணுகுசாலை. வண்டி எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. மாற்றுப்பாதையில் சுற்றிப் போக அலுத்துப்போய் பாதிப் பேர் எதிர்த்திசையில்தான் வருகிறார்கள். அந்தப் பாதிப் பேரில் சில நாள் நானும் உண்டு, மறைப்பானேன்.

பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. நல்ல காரியம். அப்படியானால் இந்த வட்டாரத்தில் ஷிப்டுக்கு ஷிப்ட் எத்தனை பேர் பஸ் ஏறி இறங்குவார்கள் என்ற கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மழை பெய்த மறுநாள் என் கடையில் பஞ்சும் பேண்டேஜும்தான் அதிகம் போகும். டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போகும் ஜல்லியில் டூவீலர்கள் சறுக்குகின்றன. ஒரு நாள் கடை மூடப்போகும் நேரத்தில் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவருக்கு முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. அந்தம்மா ஒரு செருப்போடு நின்றார். இன்னொன்றைத் தேடவே பயமாக இருந்ததாம், பின்னாலேயே லாரி வந்துகொண்டிருந்ததாம். அவர்கள் விழுந்த வளைவில், பாதை திரும்புகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு மண் மூட்டை, அதில் செருகிய வேப்பங்கிளை, கிளையில் ஒரு சிவப்புத் துணி. பகலில் தெரியும். இரவில் அந்த இடத்துக்கு வெளிச்சம் எதிரே உள்ள டீக்கடைக்காரர் புண்ணியத்தில். தன் டியூப்லைட்டுகளில் ஒன்றைச் சாலைப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார். மின்கட்டணமும் அவருடையதே.

சாலைப் பணி நடக்கும் இடத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு எஸ்.பி. 55 என்று தனி வழிகாட்டி நூலே வைத்திருக்கிறது. முன்கூட்டி எச்சரிக்கும் பகுதி, வண்டிகள் தடம் மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி என்று நாலாகப் பிரித்துச் சொல்கிறது. எங்களூரில் முதல் பகுதிக்கு அந்த வேப்பங்கிளைதான்.

சட்டமும் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் விட்டு அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆக, யாராவது செத்த பிறகு பார்க்கலாம். ஹெல்மெட் போடாமல் போனால் எனக்கு அன்றைக்கே 1,000 ரூபாய். தடுப்பில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் அன்றைக்கே யார் கட்டுவது? 2022-இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையது. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

கோடிக்கணக்கில் செலவாகிற காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தடுப்புகளுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு வழி, அதற்கு இரவு முழுக்க விளக்கு. கம்பெனி பஸ்கள் நிற்க ஒரே இடம். ஷிப்ட் விடும் நேரத்தில் மட்டுமாவது இரண்டு போக்குவரத்துக் காவலர்கள். சிந்துகிற ஜல்லியை அன்றன்றைக்கே கூட்ட ஆள். அப்புறம், வேப்பங்கிளை இருக்கும் இடத்தில் மின்னும் விளக்கோடு ஒரு பலகை.

இதை விசாரிக்க நிருபரை அனுப்புவதாக இருந்தால் பகலில் அனுப்ப வேண்டாம். இரவு பத்தரைக்கு மேல், டீக்கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிய பிறகு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
சுங்குவார்சத்திரம்.