இரவில் மனத்தோடு உட்காருவது பற்றி

செம்பூர், மும்பை

அன்புத் தோழி கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த செய்தியும், மாடி கட்டும் வேலை ஒருவழியாக முடிந்த செய்தியும் மனத்தை நிறைத்தன. இங்கே மழை விட்டபாடில்லை. ஹார்பர் லைன் ரயில்கள் அவ்வப்போது நின்றுவிடுவதால் நான் வீடு வந்து சேரப் பல நாள்களில் இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ கடைசியில் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு தினமும் இரவில் தனியாகப் படுத்துக்கொண்டு உன்னை நீயே சுயபரிசோதனை செய்து பார்ப்பதாகவும், அப்படிச் செய்யச் செய்ய மனம் தெளிவதற்குப் பதில் களைத்துப்போவதாகவும் எழுதியிருந்தாய். கோமதி, நீ செய்வது சுயபரிசோதனை என்று எனக்குத் தோன்றவில்லை. “நான் மட்டும் ஏன் இப்படி ஆனேன்” என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று மனத்துக்கு மருந்து, மற்றது நோயை வளர்ப்பது.

இதை நானாகச் சொல்லவில்லை. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வந்தால் அவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார். இரண்டே வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு அதே மாணவர்களை மறுபடி கேட்டபோது, தம் சோர்வையே திரும்பத் திரும்ப எண்ணும் வழக்கம் முன்பிருந்தே உள்ளவர்களிடம், ஏழு வாரம் கடந்த பின்னும், மற்றவர்களைவிட மனச்சோர்வு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. நிலம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் நடுங்கியது.

அப்படியானால் எண்ணிப்பார்ப்பதையே விட்டுவிடலாமா என்று நீ கேட்பாய். வேண்டாம், அதை மனத்திலிருந்து தாளுக்கு இறக்கு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை வாட்டிய நிகழ்ச்சியைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும், அதைப் பற்றிய தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது, சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதியவர்களைவிடக் குறைவு. பிற்பாடு அவர் இத்தகைய எழுத்துகளை எடுத்து ஆராய்ந்தபோது இன்னொன்றையும் கண்டார்: முதல் நாள் வெறும் வேதனையாக இருந்த எழுத்தில், கடைசி நாளுக்குள் காரணங்களும் புரிதலும் இடம்பிடிக்கத் தொடங்கியிருந்தால், அப்படி எழுதியவர்களுக்குத்தான் பயன் அதிகம். தலைக்குள் சுழலும் எண்ணத்துக்கு முடிவே கிடையாது. எழுதப்படும் வாக்கியம் எங்காவது போய் முடிந்தே ஆக வேண்டும். எழுத்து உதவுவதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் எப்படிச் செய்கிறேன் என்பதையும் சொல்கிறேன். இரவு பாத்திரம் ஒழித்த பிறகு சமையலறை மேடையிலேயே நோட்டைத் திறந்து, அன்று நடந்தவற்றில் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வேன். ‘நான்’ என்று எழுதாமல் என் பெயரைப் போட்டே எழுதுவேன். தன்னைப் பெயர் சொல்லிப் பிறரைப் பார்ப்பதுபோல் பார்ப்பவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2014-இல் எழுதினார்கள். முதலில் கூச்சமாக இருந்தாலும் கை அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: “மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டதும் ராஜிக்குத் தோள் இறுகிவிட்டது. அப்போது மணி நாலு. சாப்பாட்டு டப்பா இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.” இதுபோன்ற பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோதுதான், தோள் இறுகிய நாள்களில் பெரும்பாலானவை டப்பா திறக்கப்படாத நாள்கள் என்பது கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுகிறேன். மாலைகள் எவ்வளவோ தணிந்திருக்கின்றன. உன்னை அறிவது என்பது பெரும்பாலும் இத்தகைய சின்னச் சின்னச் செய்திகளை அறிவதுதான், கோமதி. வாழ்க்கை முழுவதையும் ஒரே இரவில் தராசில் நிறுத்துவது எவராலும் ஆகாது.

ஆகவே படுக்கையில் வேண்டாம். விளக்கைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, கால்மணி நேரம் மட்டும் எழுது. நேரம் முடிந்ததும் மூடி வைத்துவிடு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அலுவலகத்தில் கடைசி நாளன்று மேஜை இழுப்பறையைக் காலி செய்தாயே, அந்த அரைமணி நேரத்தை எழுதிப்பார்: உள்ளே என்னென்ன இருந்தன, எதை எடுத்துவந்தாய், எதை விட்டுவந்தாய், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதை. மனத்தை மிகவும் கலைக்கும் நிகழ்ச்சியாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடு. அதில் பிடிவாதம் கூடாது.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. தாமதிக்காமல் மருத்துவரைப் பார். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இதை உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறோம்; டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நீ எழுதுவதை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. தூக்கம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜி