மூளை ஸ்கேன் நார்மல்; பல் கடி சேர்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக் விபத்தில் அடிபட்டு வருபவருக்கு முதலில் மூளை ஸ்கேன் எடுக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ‘நார்மல், வீக்கம் தானாக வற்றிவிடும்’ என்ற சொல்லோடு வீட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்து ‘சோறு மெல்ல முடியவில்லை’ என்று திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். மூளைக்கான சி.டி. படம் பெரும்பாலும் கண்குழி மட்டத்தோடு முடிந்துவிடும். மேல்தாடை அதில் முழுதாக விழுவதில்லை.

மேல்தாடை உடைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது பல்தான். ‘பல் முன்பு போலச் சேருகிறதா?’ என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கடைவாய்ப் பற்கள் முந்திக்கொண்டு முட்டி, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் மேல்தாடை பின்னுக்கும் கீழுக்கும் நகர்ந்திருக்கலாம். கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு கையின் இரு விரல்களால் மேல் முன்பற்களைப் பற்றி, மறு கையை மூக்குத்தண்டின் மேல் வைத்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பல் வரிசை மட்டும் ஆடினால் அது ‘லெ ஃபோர் 1’ என்ற வகை முறிவு. மூக்கும் சேர்ந்து ஆடினால் 2. கன்ன எலும்போடு கண்ணின் வெளி ஓரமும் ஆடினால் 3. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் 1901-இல் வகுத்த வகைப்பாடு இது. நிஜ விபத்தில் வலப்பக்கம் ஒரு வகையாகவும் இடப்பக்கம் வேறு வகையாகவும் உடைவது சகஜம். எலும்பு உள்ளே செருகி இறுகிக்கொண்டால் ஆடவே ஆடாது. ஆடவில்லை என்பதால் உடையவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அப்போது அண்ணத்தில் ரத்தக்கட்டு இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கன்னமும் மேலுதடும் மரத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதென்றால் அது சளியாகவே இருக்க வேண்டியதில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் மூக்கு வழியாக உணவு ஊட்டும் குழாயைச் செலுத்தவே கூடாது. நோயாளியும் மூக்கைச் சிந்தக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சில சமயம் கண்ணருகே அடிபட்டும் கண்ணில் சிவப்பு இருக்காது, வீக்கமும் அதிகம் தெரியாது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் மட்டும் ஏறாது. குழந்தை வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும். தலைக்காயம் என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள். உண்மையில் கண்குழியின் தரை எலும்பு கதவு போலத் திறந்து மூடி, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் தசை கெட்டு, இரட்டைப் பார்வை நிலைத்துவிடும்.

மேல்தாடை அறுவை சிகிச்சைக்கு வீக்கம் வடிய ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். பிறகு அதை மறுபடி வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும். அறுவையில் வரிசை மாறக் கூடாது: முதலில் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சரியான கடியில் கட்ட வேண்டும், அதன்பின் மூக்குத் துவாரத்தின் இரு ஓரங்களிலும் கன்ன எலும்பின் இரு அடித்தூண்களிலும் டைட்டானியம் பிளேட் பொருத்த வேண்டும். மயக்கத்தின்போது மூச்சுக்காகச் செலுத்தும் குழாய் வாய் வழியாக வந்தால் பல் சேராது. ஆகவே மூக்கு வழியாக, அது ஆகாதென்றால் மோவாய்க்கு அடியில் சிறு துளையிட்டுக் கொண்டுவருவார்கள். கீழ்த்தாடை மூட்டு தன் குழியில் உட்காராத நிலையில் பிளேட் போட்டால், கம்பியை அவிழ்த்ததும் முன்பற்கள் மறுபடி திறந்துகொள்ளும்.

விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான அரசுத் திட்டம் 2021 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த நேரத்துக்குள்ளேயே இதையும் செய்யலாம்: முகத்தில் அடிபட்டவரை மூளை ஸ்கேனுக்குப் படுக்கவைத்த அதே மேசையிலேயே, நெற்றி முதல் மோவாய் வரை 1 மி.மீ. துண்டுகளாக முகத்தையும் எடுத்துவிட வேண்டும். அவசரப் பிரிவுப் படிவத்தில் ‘பல் கடி: சேர்கிறது / சேரவில்லை’ என்று ஒரு வரி சேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாய், முக அறுவை சிகிச்சை மருத்துவர்கள்,
மதுரை.