வீடு திரும்பிய பின் வரும் தொற்று

ஆசிரியர் அவர்கட்கு,

குடலிறக்கம், குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல் ஆகியவற்றுக்கான சத்திரசிகிச்சைகள் வழமையானவையாகிவிட்டதால், நோயாளி நடந்து வீடு திரும்பினாலே சிகிச்சை வெற்றி என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் வெட்டுக்காயத்தில் ஏற்படும் கிருமித்தொற்றுகளிற் பல அதன் பின்னரே வெளிப்படுகின்றன. அதனாலேயே சர்வதேச நடைமுறையில் அவை பொதுவாக 30 நாட்கள் வரையிலும், குடலிறக்கச் சத்திரசிகிச்சையின்போது வயிற்றுச்சுவரைத் தாங்கச் செயற்கை வலை பொருத்தப்பட்டிருப்பின் 90 நாட்கள் வரையிலும் கண்காணிக்கப்படுகின்றன.

நெடுந்தீவில் வசிக்கும் ஒருவர், காயத்தில் சீழ் கண்டதும் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் வருவதைவிட, அருகில் கிடைக்கும் மருந்தையே நாடுவார் என்பதில் வியப்பில்லை. அப்போது அவருக்கு வந்த தொற்று, சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலை விடுதியின் பதிவேட்டுக்கு எட்டாமலே போகக்கூடும். அங்கே அவர் குணமடைந்தவராகவே எண்ணப்படுவார். நீரிழிவுள்ளோருக்கு இத்தகைய தொற்று ஏற்படும் ஆபத்து அதிகம் (நீரிழிவு இல்லாத வீட்டை நம் குடாநாட்டில் தேடத்தான் வேண்டும்).

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகரங்களிலுள்ள வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்தபோது, சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்ததை 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்னும் பின்னும் ஒழுங்காக எண்ணியிராவிட்டால் இக்குறைவு எவருக்கும் தெரிந்திராது.

கிளினிக் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. முப்பதாவது நாளில் காய்ச்சல், சீழ், வைத்தியசாலையில் மீள அனுமதி ஆகிய மூன்றையும் விசாரிக்கும் தொலைபேசி அழைப்பொன்றை விடுதியிலிருந்தே மேற்கொண்டு, கிடைக்கும் விபரங்களை, நோயாளரின் பெயர் தவிர்த்து, ஆண்டுதோறும் வெளியிடச் சுகாதார அதிகாரிகள் முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.