எட்டு இஞ்ச் வேண்டாம், சேகர்

மோல்மேன்

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தவில் மாமாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. மற்றதெல்லாம் பிறகு.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எட்டு இஞ்ச் மானிட்டர் ஜோடி (பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்டுடியோ ஸ்பீக்கர்), வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். கட்டாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். "கொஞ்சம் பாஸ் கூட்டு, அடிச்சத்தம் போதாது" என்று நீ கத்தாத மேடை ரங்கூனில் உண்டா? உன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பெட்டி போகப்போவது மைதானத்துக்கு இல்லை, 29வது தெருவில் நீ பாட்டுப் பதிவு செய்யும் உன் வீட்டு முன்னறைக்கு. அந்த அறையை அளந்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பேசுவோம்.

உன் வீடும் ரங்கூனின் பல வீடுகளைப் போல 12½ அடி அகலம், 50 அடி நீளம். உயரம் 10 அடி என்று எழுதியிருக்கிறாய். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். 12½ அடி என்றால் 3.81 மீட்டர். சுவருக்குச் சுவர் போய்த் திரும்பும் தூரத்தால் வகுத்துப் பார், 45 ஹெர்ட்ஸ் வரும், அதாவது நொடிக்கு 45 அதிர்வு. உன் அறையின் அகலத்துக்கு அதுதான் சொந்த சுருதி, மடங்குகள் 90, 135. உயரத்துக்கு 56, 112. இந்த எண்களில் அறையே கூடச் சேர்ந்து பாடும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். இடவலம் சமமாக ஸ்பீக்கரை வைத்து நட்ட நடுவில் உட்கார்ந்தால் 45 ஹெர்ட்ஸ் உன் நாற்காலியில் மெலிந்துபோகும். சுவருக்கு நடு அந்த அலை செத்துக் கிடக்கிற இடம். நடுவை விட்டு நகரவும் முடியாது, நகர்ந்தால் ஸ்டீரியோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது பெட்டிக்கு வா. எட்டு இஞ்ச் யமஹா எச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் வரை போகும், ஐந்து இஞ்ச் எச்எஸ்5 54 ஹெர்ட்ஸ் வரை. இரண்டுமே சத்தம் 10 டெசிபல் இறங்கும் இடத்தில் எடுத்த கணக்கு. பெரியதற்கு நீ கூடுதலாகக் கொடுக்கும் பணம் 38க்கும் 54க்கும் இடையில் இருக்கும் அந்தத் துண்டுக்குத்தான். உன் அறை விழுங்கப்போகும் 45 சரியாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பாஸ் உன் காதுக்கு வராது. அறை மூலையில் போய்க் குமுறும், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். நீயோ பாஸ் போதவில்லை என்று மிக்ஸில் ஏற்றுவாய். அந்தப் பாட்டைக் கோவிலில் பெரிய பெட்டியில் போட்டால் உருமி மட்டும்தான் கேட்கும், பாடுகிறவர் வாயசைப்பார்.

ஆகவே ஐந்து இஞ்ச், அதிகம் போனால் ஆறரை. என் தேர்வைக் கேட்டால் எச்எஸ்5. ஐந்து இஞ்ச் கோன், மேல்சத்தத்துக்கு ஒரு இஞ்ச் ட்வீட்டர், உள்ளேயே 70 வாட் ஆம்ப். நீ பதிவு செய்வது குரல், நாதஸ்வரம், ஹார்மோனியம், தவில். இவை எல்லாவற்றுக்கும் உயிர் நடுப்பகுதியில்தான் இருக்கிறது, எச்எஸ்5 அந்த நடுப்பகுதியை ஒளிக்காமல் காட்டும். நாதஸ்வரம் இதில் காதைக் குத்தினால் பதிவு குத்துகிறது என்று அர்த்தம், மைக்கை அணசிலிருந்து, அதாவது நாதஸ்வரத்தின் விரிந்த வாயிலிருந்து, தள்ளி வைக்க வேண்டியதுதான். 1978இல் வந்து 2001இல் நிறுத்தப்பட்ட அதே கம்பெனியின் என்எஸ்-10 வெள்ளைக் கோன் பெட்டியை உலகத்தில் இத்தனை ஸ்டுடியோக்கள் வைத்திருந்தது அதன் இனிமைக்காக இல்லை. குறையைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக.

ஆறரை இஞ்ச்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காலி எல்பி-6 பார். பாஸ் வெளிவரும் ஓட்டை அதில் முன்பக்கம் இருக்கிறது, பின்னால் சுவரோரம் வைப்பதா மேஜையில் வைப்பதா என்பதற்கு ஏற்ப மாற்றும் குட்டி சுவிட்சுகளும் உண்டு. ஆடம் டி5வியின் ரிப்பன் ட்வீட்டர் அழகாக இருக்கும், எடுத்துப் பார்க்கத் தடையில்லை. ஆனால் எதை வாங்கினாலும் ஜோடியின் இரண்டு பெட்டியும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் கிடைக்கவேண்டும். ஒன்று இங்கே, ஒன்று பிறகு என்றால் வேண்டவே வேண்டாம்.

மிச்சப்படும் பணத்தை அறைக்குப் போடு. முன்னறையைப் பலகை வைத்துத் தடுக்கப் போவதாகச் சொன்னாய், எத்தனை அடியில் என்று சொல்லவில்லை. 12½ அடியில் தடுக்காதே. அகலமும் நீளமும் ஒன்றானால் 45 இரண்டு மடங்கு தொல்லை. 20 அடியும் வேண்டாம், அது 10 அடி உயரத்துக்கு இரண்டு மடங்கு, இரண்டும் 56இல் மோதும். 15 அடியில் போட்டால் 112இல் மோதும். 16 அடியில் தடு. நீளத்துக்கு 35, 70, 105 என்று வரும், அகலம் உயரம் இரண்டுடனும் முட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும். ஆசாரி ஆணி அடிக்கும் முன் டேப் பிடித்து அளந்துவிடு.

ஸ்பீக்கர் அகலத்துச் சுவரில் நின்று நீளவாக்கில் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் இடையே 5 அடி, ஒவ்வொன்றிலிருந்து உன் தலைக்கும் 5 அடி. ட்வீட்டர் காது உயரத்தில். பெட்டிக்குப் பின்னால் பத்து இஞ்ச் விட்டால் முன்முகம் சுவரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடியில் நிற்கும், உன் காது ஏறக்குறைய ஆறு அடியில் வரும். எட்டு அடியில் மட்டும் உட்கார்ந்துவிடாதே, அது நீளத்துக்குப் பாதி, அங்கே 35உம் செத்துவிடும்.

சுவரிலிருந்து தூரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் நேர்ச் சத்தத்தை ஓரிடத்தில் வெட்டும். 343ஐ நாலு மடங்குத் தூரத்தால் வகு. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 86 ஹெர்ட்ஸில் பள்ளம். ஆண் குரலுக்கும் தவிலுக்கும் அடித்தளமே அங்கேதான், அதை எந்தப் பஞ்சும் உறிஞ்சாது. ஒன்றரை அடி என்றால் பள்ளம் 190 பக்கம் ஏறிவிடும், அங்கே நாலு இஞ்ச் ராக்வூல், அதாவது பாறையை உருக்கி நூற்ற பஞ்சுப் பலகை, நன்றாக வேலை செய்யும். இப்படிச் சுவரோரம் வைக்கும்போது கீழ்ப்பகுதி கொஞ்சம் பருக்கும். அதற்குத்தான் எச்எஸ்5 முதுகில் ரூம் கன்ட்ரோல் சுவிட்ச். முதலில் கழித்தல் 2இல் வை, இன்னும் பருத்தால் கழித்தல் 4.

ராக்வூல் பலகை 2 அடிக்கு 4 அடி, நாலு இஞ்ச் கனம், அடர்த்தி கனமீட்டருக்கு 48 முதல் 60 கிலோ. ஆறு பலகை போதும். இரண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால், இரண்டு பக்கச் சுவரில், இரண்டு பின்மூலையில் குறுக்காக. பக்கச் சுவரில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க, நீ நாற்காலியில் உட்கார், பையன் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடம்தான் பலகைக்கு இடம். தேக்குச் சட்டம் எல்லாம் வேண்டாம், சாதா மரம் போதும். மேலே பழைய பருத்தி லுங்கித் துணியை இழுத்து அடி. துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போகவேண்டும், அது ஒன்றுதான் சோதனை. ரங்கூன் மழைக்குச் சுவர் வேர்க்கும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று இஞ்ச் தள்ளித் தொங்கவிடு, பூஞ்சை பிடிக்காது, பாஸும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் போடு. ராஜு சொன்னான் என்று முட்டை அட்டை மட்டும் ஒட்டாதே. அது மேல்சத்தத்தைக் கொஞ்சம் கலைக்கும், கீழே ஒன்றும் செய்யாது, கரப்பான் குடியேறும்.

மேஜை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தால் பலகையில் பட்டுத் தெறிக்கும் சத்தமும் நேர்ச் சத்தமும் கலந்து குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் வரும். இரும்பு வெல்டரிடம் சொல்லி இரண்டு ஸ்டாண்ட் அடித்து, குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பு. மணல் நன்றாகக் காயவேண்டும், ஈர மணல் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும்.

இனி கரண்ட். இதுதான் நம் ஊரில் பெட்டிகளைக் கொல்கிறது. எச்எஸ்5 ஒன்று 45 வாட் குடிக்கும், ஜோடி 90. லேப்டாப், அதை மைக்கோடும் ஸ்பீக்கரோடும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் சேர்த்து 160 என்று வை. 12 வோல்ட் 100 ஆம்பியர் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, அதாவது 600 வாட்மணி. இன்வெர்ட்டர் தின்பது போக மூன்று மணி நேரம் கிடைக்கும். அதே அளவு லித்தியம் பாஸ்பேட் என்றால் ஐந்து மணி நேரம் தாராளம். ஆனால் இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவாக இருக்கவேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மானிட்டர் 'ஈஈ' என்று முனகும், உள்ளே பவர் சப்ளை சூடேறும். கரண்ட் போய் வரும்போது முதல் அதிர்ச்சி ஸ்பீக்கருக்குப் போகக்கூடாது. போடும்போது இன்டர்ஃபேஸ் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். தங்கச்சிக்கும் சொல்லிவை. கரண்ட் போனவுடன் யாராவது போய் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்துவிட்டால் பாதிச் சேதம் தவிரும்.

50 ஹெர்ட்ஸ் 'ஹம்' வந்தால் எர்த் பின்னைப் பிடுங்காதே. ராஜு அதைத்தான் செய்யச் சொல்வான், உயிருக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் பிடி. ஒன்று இரண்டு வோல்ட் சரி, இருபது முப்பது காட்டினால் அந்தக் கட்டடத்தில் எர்த் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகு. இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போடு, டிவிடி பிளேயர் கேபிள் உதவாது.

சேகர், இனி சொல்வதை நிறுத்திப் படி. போன கடிதத்தில் போகிற போக்கில் காதுக்குள் 'கீ' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மைக்செட் பக்கத்தில் நின்றே பழகியவன் நீ, புனல் ஸ்பீக்கருக்கு அடியில் தூங்கியவன். அது சாதாரணமில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்பது கணக்கு, மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். சத்தத்தால் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் போகும். அங்கே உனக்குக் குறைந்திருந்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் மங்கலாகத்தான் கேட்கும். நீ மேலே ஏற்றிக்கொண்டே போவாய், கேட்கிற சனங்களுக்கு நாதஸ்வரம் ஊசியாகக் குத்தும். ஸ்பீக்கர் வாங்கும் முன் காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடு, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை அது. அந்தத் தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்பு. இதை மறந்தால் நான் தங்கச்சிக்கு நேராக எழுதுவேன்.

ஸ்பீக்கர் வந்த பிறகு சத்தத்தை அளந்து வை. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை லேப்டாப்பில் கழித்தல் 20 டெசிபலில் ஓடவிட்டு, போனில் சத்தம் அளக்கும் மீட்டரை 'சி வெயிட்டிங்'கில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கராக 76 அல்லது 78 டெசிபல் வரும்வரை திருகு. அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடு. மிக்ஸ் செய்யும்போது அந்த டேப்பைத் தாண்டாதே. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பாஸ் குறைவாகவே கேட்கும், கூடின சத்தத்தில் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். ஒரே அளவில் கேட்டால்தான் காது கற்றுக்கொள்ளும்.

அடுத்து யுமிக்-1 போல ஓர் அளவு மைக், கூட இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற லேப்டாப் மென்பொருள். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப், அதாவது கீழிருந்து மேலே ஏறும் சோதனைச் சத்தம், விடு. கோட்டில் மேடு தெரிந்தால் 200க்குக் கீழே மட்டும் ஈக்யூவில் வெட்டு. பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்க்காதே. எவ்வளவு ஊற்றினாலும் அறை குடித்துவிடும், ஆம்ப்தான் திணறும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை அரை அடி முன்பின் நகர்த்திப் பார்ப்பது. 50க்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனில் ஒரு தரம், கடைசியாக உன் போனிலேயே ஒரு தரம். உன் பாட்டைப் பாதிப் பேர் போனில்தான் கேட்கப்போகிறார்கள்.

கடையில் செய்யவேண்டியது: முதுகில் 220–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பார், வேறு நாட்டுக்கு வந்த 100 வோல்ட் பெட்டியும் சந்தையில் சுற்றும். பாட்டு போடாமல் வால்யூமை ஏற்றி ட்வீட்டரில் காதை வை, லேசான 'ஸ்ஸ்' பரவாயில்லை, இரண்டிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். 40 முதல் 300 வரை மெதுவாக ஸ்வீப் போட்டு எங்காவது 'கிர்ர்' என்று அதிர்கிறதா கேள். பிறகு தவில் மாமாவின் பழைய பதிவைப் போடு, அவர் தொப்பியையும் வலந்தலையையும் மாற்றி மாற்றி அடிக்கும் இடம் உனக்கு மனப்பாடம். இரண்டு பக்க அடியும் தனித்தனியாகக் கேட்டால் வாங்கு. அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதே.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். தடுப்புக்கு அளவெடுத்ததும் அறைப் படத்தைப் பென்சிலில் வரைந்து அனுப்பு, ஜன்னலும் கதவும் எங்கே என்று குறித்து. ஜன்னல் பக்கமா தடுப்புப் பக்கமா எங்கே ஸ்பீக்கர் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மணி